மண்ணுக்கடியில் மின்சாரம்

நம் தோட்டத்து மக்களில் சிலர் துண்டு நிலம் வாங்கி டுரியான் நட்டிருக்கிறார்கள். தோப்பின் கோடியில், விடுமுறைக்கு வருவோர் தங்க ஒரு குடிலும் போடுகிறார்கள். வீட்டிலிருந்து 150 மீட்டர் என்று வையுங்கள். மரத்துக்கு மரம் கம்பி கட்டி இழுத்தால் போதாதா என்பார்கள். ஒரு கிளை முறிந்தால் என்ன ஆகும்? மண்ணுக்கடியில் கொண்டுபோவதே நல்லது.

ஆனால் தூரத்தை மறந்துவிடக்கூடாது. 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 28 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் என்றால் 7 வோல்ட்தான். விலை கூடத்தான் செய்யும். பள்ளத்தை மறுபடியும் தோண்டுவது யார்?

எஃகுக் கவசம் சுற்றிய கம்பியாக வாங்குங்கள். இரண்டடி ஆழம், மேலும் கீழும் மணல், அதன்மேல் செங்கல், பிறகு எச்சரிக்கைப் பட்டை. நாளை வாழைக்கன்று நட அங்கே மண்வெட்டியை ஓங்குவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். கம்பி போகும் பாதையை வரைந்து வையுங்கள்.

பள்ளத்தை நாமே வெட்டலாம். இணைப்பைப் பதிவு பெற்ற ஒயர்மேன்தான் செய்யவேண்டும். குளியலறைபோன்ற ஈரமான இடத்துக்கு, 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும் சுவிட்ச் வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டு மின்சார விதிகள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அணையாவிட்டால் அன்றே ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.