சார்ளமேன்: வரலாறு கண்ட மன்னனும் கதை வளர்த்த சக்கரவர்த்தியும்

(எமது சங்கத்தின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற சொற்பொழிவுத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



நூறு ஆண்டு நிறைவு என்பது ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கதைகள் முளைக்கும் பருவம். நேரிற் கண்டவர்கள் குறைந்து, கேட்டவர்கள் பெருகும் காலம் அது. ஒரு மனிதரைச் சுற்றிக் கதை எப்படி வளர்கிறது, வளரும்போது எதைச் சேர்த்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இவ்வேளையில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமென்று கருதினோம். அதற்கு நாம் எடுத்துக்கொண்டவர் ஐரோப்பாவின் சார்ளமேன் சக்கரவர்த்தி.

சார்ளமேன் என்றால் மகா சார்ள்ஸ் என்று பொருள். இவர் 768 ஆம் ஆண்டில் பிராங்கியரின் அரசரானார். இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து ஆகிய நிலங்களும் ஜேர்மனியின் பெரும்பகுதியும் வட இத்தாலியும் இவரது ஆட்சிக்குள் வந்தன. 800 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று உரோமாபுரியில் பாப்பரசர் மூன்றாம் லியோ இவருக்குச் சக்கரவர்த்தியாக முடிசூட்டினார். 814 ஜனவரி 28 இல் ஆகன் நகரிலே காலமானார்.

இவருடைய அவையில் இருந்த ஐன்ஹார்ட் என்பவர் பின்னாளில் இவரது வாழ்க்கை வரலாற்றை இலத்தீன் மொழியில் எழுதினார். அதிலே நாம் காண்பது இரத்தமும் தசையுமான ஒரு மனிதர். நீச்சலில் வல்லவர். வாட்டிய இறைச்சியை விட்டுவிட்டு அவித்ததை உண்ணுங்கள் என்று சொன்ன வைத்தியர்களை அவருக்குப் பிடிக்காது. வயது போன பின் எழுதப் பழக விரும்பினார். எழுதும் பலகைகளைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் எழுத்துகளை வரைந்து பார்த்தார். தொடங்கியது பிந்திவிட்டதால் கை படியவில்லை என்கிறார் ஐன்ஹார்ட். பெரும் நிலப்பரப்பை ஆண்டவர், முதன்முதல் ஏடு பிடித்த குழந்தையைப் போல எழுத்தோடு போராடுகிறார். பிற்காலப் புலவர்கள் இந்தச் சித்திரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது வேறொரு நிகழ்ச்சியை.

அது 778 ஆம் ஆண்டில் நடந்தது. ஸ்பெயினின் பெரும்பகுதி அப்போது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்த முஸ்லிம் தலைவர்களுள் ஒரு பகுதியினர் கோர்டோபாவின் அமீருக்கு எதிராக உதவி கேட்டு 777 இல் சார்ளமேனிடம் வந்தனர். அந்த அழைப்பை ஏற்றே அவர் படையெடுத்தார். ஆனால் சரகோசா நகரம் கதவு திறக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பும் வழியில் பம்பலோனா நகரின் மதில்களை இடித்தார். பின்னர் பிரனீஸ் மலைக் கணவாயைக் கடக்கும்போது, அப்பகுதியின் பாஸ்க் மக்கள் மறைந்திருந்து பின்னணிப் படையைத் தாக்கி அழித்து, பொருட்களை எடுத்துக்கொண்டு இருளில் மறைந்தனர். அந்த நாள் ஓகஸ்ட் 15. இறந்தவர்களுள் மூவரின் பெயரை ஐன்ஹார்ட் தருகிறார். மூன்றாவது பெயர், பிரித்தானி எல்லைப்புறத்துக்குப் பொறுப்பாயிருந்த றோலண்ட். அந்நூலின் சில கையெழுத்துப் பிரதிகளில் அந்தப் பெயர்கூட இல்லை. வரலாற்றில் றோலண்டுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. 1100 ஆம் ஆண்டளவில் பழைய பிரெஞ்சு மொழியில் ஏறத்தாழ நாலாயிரம் அடிகளில் 'றோலண்டின் பாடல்' என்ற காவியம் எழுந்தது. அதன் மிகப் பழைய பிரதி இன்று ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. அதிலே சார்ளமேன் இருநூறு வயது கடந்தவர். வெண்தாடி மார்பிலே புரள்கிறது. உண்மையில் அந்தப் படையெடுப்பின்போது அவருக்கு முப்பது வயதளவுதான். பலனற்றுப்போன ஒரு கோடைகாலப் படையெடுப்பு, ஏழு ஆண்டு நீடித்த வெற்றிப் போராகிவிட்டது. றோலண்ட் சக்கரவர்த்தியின் மருமகனாகிவிட்டான்; அவனுடைய சிறிய தகப்பன் கனலோன் துரோகியாகிறான்.

காவியத்தின் உயிர்நிலை ஒரு கொம்பில் இருக்கிறது. பகைவர் திரண்டு வருவதைக் கண்ட நண்பன் ஒலிவர், யானைத்தந்தக் கொம்பை ஊதிச் சக்கரவர்த்தியைத் திருப்பி அழைக்குமாறு மன்றாடுகிறான். உதவி கேட்பது குலத்துக்கு இழுக்கு என்று றோலண்ட் மறுக்கிறான். இருபதினாயிரம் பேரில் அறுபது பேர் எஞ்சியபோதுதான் அவன் ஊதுகிறான். ஊதிய வேகத்தில் நெற்றிப்பொட்டு வெடித்து இரத்தம் கொட்டுகிறது. சக்கரவர்த்தி திரும்பி வரும்போது களத்தில் உயிரோடு ஒருவரும் இல்லை. றோலண்ட் வீரன், ஒலிவர் விவேகி என்று காவியமே வேறுபடுத்திச் சொல்கிறது. எது பெரிது என்ற கேள்வியை மட்டும் எங்கள் கையில் விட்டுவிடுகிறது.

இதுவரை சொன்னவை கவிஞனுக்குரிய சுதந்திரங்கள். இனிச் சொல்வது பாரதூரமானது. தாக்கியவர்கள் பாஸ்க் மக்கள் என்று கண்டோம். தம் நகரின் மதிலை இடித்துவிட்டுப் போகும் படையை அவர்கள் தாக்கினார்கள். காவியத்திலோ பாஸ்க் மக்கள் இல்லை. தாக்குவோர் முஸ்லிம்கள். அதுவும் விக்கிரகங்களை வணங்குவோராக அவர்கள் காட்டப்படுகின்றனர். உருவ வழிபாட்டை அடியோடு மறுக்கும் சமயத்தைப் பற்றி இப்படி எழுதினார்கள். அது முதலாவது சிலுவைப் போரின் காலம். 1095 இல் அப்போருக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. 1099 இல் யெரூசலேம் வீழ்ந்தது. அன்றைய போருக்கு வேண்டிய பகைவனை முந்நூறு வருடப் பழைய மலைக் கணவாயிலே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

உண்மையான சார்ளமேனோ பக்தாத்தின் கலீபா ஹாரூன் அல் ரஷீதுடன் தூது பரிமாறியவர். கலீபா அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை 802 இல் ஆகன் நகரை அடைந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஐசாக் என்ற யூதர். கிறிஸ்தவ மன்னருக்கு முஸ்லிம் மன்னர் அனுப்பிய யானையை யூதர் ஒருவர் ஓட்டிவந்த இந்தச் செய்தி காவியத்தில் இடம்பெறவில்லை. கதை ஒன்று யாரைப் பகைவராக்குகிறது என்பது விளையாட்டான விடயமல்ல. ஒரே ஊரில் ஒரே வகுப்பில் பல சமயத்தவராய் இருந்து படித்த எமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, பெண்கள். காவியத்தில் றோலண்டுக்கு நிச்சயிக்கப்பட்டவள் ஓட், ஒலிவரின் தங்கை. றோலண்ட் எங்கே என்று அவள் கேட்கிறாள். இறந்துவிட்டான், அவனுக்குப் பதிலாக என் மகனைத் தருகிறேன் என்கிறார் சக்கரவர்த்தி. அவள் காலடியில் விழுந்து உயிர் விடுகிறாள். நாலாயிரம் அடிகளில் அவளுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ முப்பது.

வரலாறு வேறு பெண்களைக் காட்டுகிறது. ஆண்மக்களோடு பெண்மக்களும் கலைகளைக் கற்கவேண்டுமென்று சார்ளமேன் ஏற்பாடு செய்ததாக ஐன்ஹார்ட் எழுதுகிறார். அதே தந்தை தம் பெண்மக்களைத் திருமணம் செய்துகொடாமல் தம்முடனேயே வைத்துக்கொண்டார் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சக்கரவர்த்தியின் சகோதரி கிசேலா பரிசுக்கு அருகிலுள்ள ஷெல் என்னுமிடத்துக் கன்னியர் மடத்தின் தலைவி. அவரும், சார்ளமேனின் மகள் றோத்துறூடும் சேர்ந்து, அக்காலத்துப் பேரறிஞர் அல்குயினுக்குக் கடிதம் எழுதி, யோவான் நற்செய்திக்கு உரை எழுதித் தருமாறு கேட்டனர், அவரும் எழுதினார். அந்த மடத்துக் கன்னியர் படியெடுத்த நூல்களில் சிலர் தங்கள் பெயரைக் குறித்துவைத்திருக்கின்றனர். நூல்களைப் படியெடுத்துக் காத்த இத்தகைய கைகளைப் பாடக் காவியம் எழவில்லை.

பள்ளிக்கூடம் பற்றிய ஒரு கதை மட்டும் பிழைத்தது. சென்ற் கால் மடத்துத் துறவி நொட்கர், சார்ளமேன் இறந்து எழுபது ஆண்டளவில் எழுதியது. போரிலிருந்து திரும்பிய சக்கரவர்த்தி பள்ளிச் சிறுவர்களின் எழுத்துவேலையைப் பார்வையிடுகிறார். ஏழைப் பிள்ளைகள் நன்றாகச் செய்திருந்தனர். பிரபுக்களின் பிள்ளைகள் வீணே பொழுதைப் போக்கியிருந்தனர். முன்னவர்களை வலப்பக்கம் நிறுத்திப் பதவிகளை வாக்களித்தார். மற்றவர்களைப் பார்த்து, உங்கள் குலமும் அழகும் எமக்கு ஒரு பொருட்டல்ல என்று இடிமுழக்கம்போற் கடிந்தார். இது நடந்ததோ இல்லையோ, பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது என்பதை இக்கதை நன்றாகச் சொல்கிறது.

கதை அதோடு நிற்கவில்லை. எந்நாளும் போகாத யெரூசலேமுக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் சக்கரவர்த்தி போய்வந்ததாக ஒரு வேடிக்கைக் காவியம் எழுந்தது. உம்மைவிட முடி எடுப்பாக இருக்கும் அரசன் ஒருவன் இருக்கிறான் என்று மனைவி சொன்னதே பயணத்துக்குக் காரணமாம்! 'ஏமோனின் நான்கு புதல்வர்' கதையிலோ அவர் நீதி தவறிய மன்னர். சகோதரர் நால்வரையும் அவர்களின் குதிரை பயார்டையும் துரத்துகிறார். இத்தாலியில் றோலண்ட், ஒர்லாந்தோ ஆனான். அரியொஸ்தோ 1516 இல் வெளியிட்டு, 1532 இல் 46 காண்டங்களாக விரித்த 'ஒர்லாந்தோ ஃபூரியோசோ' என்ற காவியத்தில் அவன் காதலிற் பித்துப் பிடித்தலைகிறான். தொலைந்த அவன் புத்தியை நண்பன் சந்திரனுக்குப் போய் ஒரு குப்பியில் எடுத்துவருகிறான். அதே நூலில் பிரதமாந்தே என்ற வீராங்கனை ஆண்களைக் குதிரையிலிருந்து வீழ்த்துகிறாள். பெண்களின் செயல்களை எழுத்தாளர்கள் பொறாமையால் மறைத்தார்கள் என்று அரியொஸ்தோவே வெளிப்படையாகச் சொல்கிறார்.

சிசிலித் தீவில் இக்கதைகள் பாவைக்கூத்தாயின. போர்த்துக்கேயர் சென்ற இடங்களுக்கும் அவை கப்பலேறின. ஆபிரிக்காவின் மேற்குக் கரைக்கப்பாலுள்ள சாவோ தோமே தீவு மக்கள், சார்ளமேன் தன் மகனுக்கே மரண தண்டனை விதிக்கும் நாடகத்தை இன்றும் ஆடுகின்றனர். கொலைசெய்தவன் அரசகுமாரன் என்றாலும் நீதி ஒன்றே என்பது அதன் பொருள். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட எல்லாளன் கதையை அறிந்த எங்களுக்கு அந்த மேடை அந்நியமாயிராது.

கேரளத்தின் கொச்சிக் கரையோரக் கத்தோலிக்கரிடையே மரப்பலகை அதிர மிதித்தாடும் சவிட்டு நாடகம் வளர்ந்தது. அதன் புகழ்பெற்ற நாடகம் 'காறல்மான் சரிதம்'. காறல்மான் என்பவர் எமது சார்ளமேனே. அதை இயற்றியவர் சின்னத்தம்பி அண்ணாவியார் என்பது மரபு. பழைய சவிட்டு நாடகங்களின் மொழியில் தமிழ் நிறைந்திருக்கிறது. அண்ணாவியார் என்ற பெயரே எங்கள் கூத்துக் களரிகளை நினைவூட்டும். மன்னார் மாதோட்டப் பகுதியிலும் 'என்றீக் எம்பரதோர் நாடகம்' வழங்கிவந்தது. அது வேறொரு மன்னனின் கதை; ஆனால் எம்பரதோர் என்பது சக்கரவர்த்தியைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. கடல்கடந்து வந்த சக்கரவர்த்திகள் எங்கள் ஊர் மேடைகளிலும் தமிழ் பாடி ஆடியிருக்கிறார்கள்.

சகோதரிகளே, கதை வேண்டாமென்று நாம் சொல்லவரவில்லை. கதை இல்லையேல் றோலண்டும் இல்லை, காறல்மானும் இல்லை. ஆனால் ஐன்ஹார்ட் என்ற ஒருவர் நேரிற் கண்டதைக் காலத்தோடு எழுதிவைத்ததால்தான், கதை எங்கே விலகியது என்று எங்களால் இன்று கூறமுடிகிறது. எங்கள் பாடசாலைக்கும் கதைகள் வளரும், வளரட்டும். அதற்கு முன் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. அதிபர்களின் பெயர்களோடு, விடுதிச் சமையற்கூடத்தில் உழைத்தவர்களின் பெயர்களையும், இடம்பெயர்ந்து இடைநடுவில் பிரிந்துபோன வகுப்புத் தோழிகளின் பெயர்களையும், வேறு சமயத்தவராய் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் இருப்பவர் யார் என்று குறித்துவையுங்கள். இன்னும் நூறு ஆண்டின் பின் இங்கு பேசப்போகும் ஒருத்திக்கு அவை தேவைப்படும்.