காகிதத்தில் ஒரு கோபுரம்

பாரிசு நகரத்து ஈபெல் கோபுரம் இரும்பாக எழுவதற்கு முன்னர் காகிதத்திலேயே பிறந்தது. 1884ஆம் ஆண்டில் மோரிஸ் கேக்லின், எமில் நூகியே என்னும் பொறியியலாளர் இருவர் அதன் முதல் உருவை வரைந்தனர். 1887இல் தொடங்கிய கட்டுவேலை 1889இல் நிறைவெய்தியது. அக்கோபுரத்தை மீண்டும் காகிதத்துக்கே கொண்டுவர எண்ணும் மாணவன் ஒருவன் முதலில் எடுக்கவேண்டியது கத்தரிக்கோல் அன்று, அளவுகோலே.

ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவு கணக்குக்கு எளியது. கோபுரத்தில் ஒரு மீற்றராக உள்ளது தாளில் ஒரு மில்லிமீற்றர் ஆகும். நான்கு பாதங்களும் நிற்கும் சதுரத்தின் பக்கம் 125 மீற்றர்; தாளில் அது 12.5 சென்ரிமீற்றர். முதலாம் தளம் 5.7 சென்ரிமீற்றரிலும், இரண்டாவது 11.5இலும், மூன்றாவது 27.6இலும் அமையும். உச்சியிலுள்ள வானொலிக் கம்பத்தையும் சேர்த்து முழு உயரம் 33 சென்ரிமீற்றர்.

நான்கு முகங்களும் ஒரே வடிவின. ஆதலால் ஒன்றைச் செம்மையாக வரைந்து, அதனையே நான்காகப் படியெடுத்தல் போதும். ஆயினும் இங்கே ஒரு பிழை நேர்வதுண்டு. கோபுரத்தின் கால்கள் உட்புறமாகச் சாய்ந்தவை. செங்குத்து உயரத்தையே முகத்தின் நீளமாகக் கொண்டு வெட்டினால், ஒட்டி நிறுத்தியதும் கோபுரம் குறுகிவிடும். சாய்வின் நீளத்தைத் தனியே கணித்தல் வேண்டும். ஓரங்களில் ஒட்டுவதற்கு விளிம்பு விடவும் மறத்தலாகாது.

அடுத்து வருவது பின்னல் வேலை. மெய்க் கோபுரம் 18,038 இரும்புத் துண்டுகளை ஏறத்தாழ 25 இலட்சம் தறையாணிகளாற் பிணைத்தது. அதன் இடைவெளிகள் அழகுக்காக மட்டும் விடப்பட்டவை அல்ல. அவற்றினூடே காற்றுப் புகுந்து செல்கின்றது. விளிம்புகளின் வளைவும் காற்றின் விசையைக் கணித்தே அமைக்கப்பட்டது. பின்னலை வெட்டாது கோடுகளாக மட்டும் வரைந்த காகிதக் கோபுரத்தை மின்விசிறியின் முன் வைத்தால், இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

இனி, நிறையை நோக்குவோர் வியப்படைவர். கோபுரத்தின் இரும்பு சுமார் 7,300 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஆயிரத்தில் ஒன்றாகும்போது நிறை நூறு கோடியில் ஒன்றாகின்றது. எனவே அதே இரும்பினால், அதே நுணுக்கத்தோடு செய்த சிறு கோபுரம் ஏழு கிராமுக்குச் சற்றே மிகும். சாதாரண எழுதுதாள் இரண்டின் நிறை பத்துக் கிராம்! இரும்பின் பெரும் பகுதி வெறும் வெளியே என்பதைக் காகிதம் இவ்வாறு உணர்த்துகின்றது.

ஆனால் அதே காகிதம் ஏமாற்றவும் வல்லது. உருவம் சிறுக்கும்போது நிறை நூறு கோடியில் ஒன்றாகக் குறைய, தாங்கும் குறுக்குப் பரப்போ பத்து இலட்சத்தில் ஒன்றாகவே குறைகின்றது. ஆகவே சிறிய உருவம் தன் பாரத்தை மிக எளிதாகத் தாங்கிக்கொள்ளும். சிறியது நிற்பதனால் பெரியதும் நிற்கும் எனக் கொள்ளலாகாது என்பதை 1638இலேயே கலிலியோ எடுத்துரைத்தார்.

மேசைமீது நிற்கும் காகிதக் கோபுரம் ஈபெல் கோபுரத்தின் வடிவைக் கற்பிக்கும், வலிமையைக் கற்பிக்காது. அந்த வேறுபாட்டை அறிந்து ஒட்டியவனே கோபுரத்தை உண்மையிற் கண்டவன் ஆவான்.