மேய்ப்பரைத் தெரிதலும் கணக்குக் கேட்டலும்

(திருகோணமலையில் திருச்சபை மக்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் வயல் வேலையை ஒருநாள் ஒத்திவைத்து வந்திருக்கும் கமக்காரரையும், நகரத்து ஆசிரியர், வைத்தியர், வழக்கறிஞர், துறைமுக உத்தியோகத்தர் ஆகியோரையும் ஒரே பந்தலின்கீழ்க் காண்பது நமக்கு மகிழ்ச்சி தருகின்றது. மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் உண்டு. நாம் பேசப்போகும் பொருள் சிலருக்குக் கசக்கும். திருச்சபைத் தலைவரைத் தெரிவது யார்? தெரிந்தபின் அவரைக் கேள்வி கேட்பது யார்? இவ்விரண்டையும் வெளிப்படையாகப் பேசினால், “கோயில் விஷயத்தில் அரசியலைக் கொண்டுவராதீர்” என்று நம் வாயை மூடப் பார்ப்பார் உளர்.

அவர்களுக்கு நாம் காட்டுவது வேதத்தையே. அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேமின் முதற் சபையில் எழுந்த முதற் சச்சரவு எதைப் பற்றியது? கிரேக்க மொழி பேசியோர், அன்றாடப் பங்கீட்டிலே தம் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாக முறையிட்டார்கள். மொழிச் சிறுபான்மையினரின் முறையீடு அது! அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? ஒற்றுமையைக் குலைக்காதீர் என்று அதட்டினார்களா? இல்லை. உங்களிலே நற்சாட்சி பெற்ற எழுவரை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்று சபையாரிடமே விட்டார்கள். தெரியப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர் கையிலேயே களஞ்சியத்தின் திறவுகோல் கொடுக்கப்பட்டது. இந்நாட்டுத் தமிழருக்கு இதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்துறைமுகப் பட்டினத்தில் தலைவரைத் தெரியும் முறைகள் பல உள. கத்தோலிக்கருக்கு ஆயரை நியமிப்பவர் பாப்பரசர். திருகோணமலை மறைமாவட்டம் 1893ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. யேசுசபையைச் சேர்ந்த மேலைநாட்டு ஆயர்கள் வழிவழியாக ஆண்டனர். 1947இல் பதவியேற்ற கிளெனி ஆண்டகையே அவர்களுள் இறுதியானவர். இம்மண்ணின் மொழி பேசும் லியோ இராஜேந்திரம் அன்ரனி ஆண்டகை ஆயரானது 1974இல். எண்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். வந்தவர்களிலே தொண்டர்கள் பலர் இருந்தார்கள், பள்ளிகளைக் கட்டினார்கள், அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் தெரிவிலே இவ்வூர் மக்களின் குரல் எவ்வளவு ஒலித்தது?

அங்கிலிக்கன் சபையின் கதை வேறு. வெள்ளையர் ஆட்சியிலே குருமாருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. சம்பளம் கொடுப்பவனுக்குத்தானே பதில் சொல்ல வேண்டும்? 1881இல் அம்மானியத்தை நிறுத்தச் சட்டம் பிறந்தபோது பலர் பதறினார்கள். அச்சட்டமே சபையைச் சபையாரிடம் சேர்த்தது என்பது நமது எண்ணம். அரச பணம் நின்றபின் சங்கத்திலே குருவானவரோடு பொதுநிலையாரும் அமர்ந்து பேச நேர்ந்தது.

மெதடிஸ்தர் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். 1964இல் தன்னாட்சி பெற்றார்கள். அவர்தம் தலைவரை மாநாடு தெரிகின்றது. ஆனால் அச்சபையிலே நமக்கு மிகப் பிடித்தது மாநாடன்று, வகுப்புத் தலைவர் என்னும் பதவியே. அது பிறந்த விதம் வேடிக்கையானது. 1742ஆம் ஆண்டில், பிரிஸ்டல் நகரிலே, ஆலயங் கட்டிய கடனை அடைக்க வழிதேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பன்னிருவருக்கு ஒருவர் தண்டலாளர். இயலாதவர் பங்கை அவரே தம் கையிலிருந்து போட வேண்டும். அவர் வீடுவீடாகப் போனபோதுதான் யார் நோயாளி, யார் குடிகாரர், யார் பட்டினி என்பது சபைக்குத் தெரியவந்தது. மேய்ப்பு வேலை கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தது, நண்பர்களே!

ஆகவே வாக்குப்பெட்டி வைத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டைப் பாருங்கள். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் வாக்கும் உண்டு, விதியும் உண்டு. அங்கே திருமண்டலத் தேர்தல் என்றால் அணிகள், சுவரொட்டிகள், சாதிக் கணக்குகள்! அதன் தலைமைத் தேர்தலைப் பற்றிய வழக்கிலே சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிருவாகிகளாக நியமித்தது. பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. இங்கே நாமும் சிரிக்க முடியாது. சபைக் குழுத் தெரிவிலே ஊரும் சாதியும் பார்த்துக் கையுயர்த்திய கூட்டங்களில் நாமும் இருந்திருக்கின்றோம், கையுயர்த்தியும் இருக்கின்றோம்.

கமக்காரருக்கு இது புதிதன்று. வட்டை விதானையைத் தெரியும்போது அவர் குலத்தைப் பார்த்தோமா, வாய்க்காலைப் பார்த்தோமா? 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கமக்காரரே தெரியும்படி செய்தது. அக்குழுக்களிலும் ஊழல் நுழைந்தது உண்மை. ஆயினும் கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் அன்று மாலையே தெரிந்துவிடும். மறுநாட் காலை விதானையின் படலையிலே கமக்காரன் நிற்பான். திருச்சபையிலே கடைமடை எங்கே இருக்கின்றது என்றே பல தலைவர்களுக்குத் தெரியாது.

தந்தை செல்வாவை எண்ணிப் பாருங்கள். அவர் கிறிஸ்தவர், அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர் சைவர். 1952இல் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 1956இல் மீண்டும் அனுப்பினார்கள். 1972இல் குடியரசு யாப்பை எதிர்த்துத் தம் இருக்கையைத் துறந்து, மக்கள் தீர்ப்பைக் கேட்டார். இடைத்தேர்தலை அரசு 1975 வரை இழுத்தடித்தபோதும் அத்தீர்ப்புக்காகக் காத்திருந்தார். பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்கும் துணிவு எத்தனை சபைத் தலைவர்களுக்கு உண்டு?

இனிப் பணத்துக்கு வருவோம். நாம் அறிந்த சபையொன்றிலே, பெயர் வேண்டாம், ஆண்டுக் கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்திலே! அறுவடைத் திருநாளுக்கு மூட்டை நெல்லைத் தோளிலே சுமந்துவந்த முதியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, என்னுடைய நெல் அதிலே எந்த வரி?” என்று கேட்டார். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம். அச்சிரிப்பு இன்றும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. 2004 சுனாமிக்குப்பின் இக்கரையோரத்துக்கு உதவிப் பணம் பல வழிகளிலே வந்தது. அம்முதியவரின் கேள்வியை அன்று ஒவ்வொரு சபையிலும் ஒருவர் கேட்டிருந்தால் எத்தனை வதந்திகள் பிறவாமலே போயிருக்கும்!

கேட்பது பாவமா? பவுல் அப்போஸ்தலர் எருசலேமின் ஏழைகளுக்காகத் தருமப் பணம் திரட்டியபோது தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டார். தம்மேல் எவரும் குற்றஞ்சாட்ட இடமிருக்கலாகாது என்றே அப்படிச் செய்ததாகக் கொரிந்தியருக்கு எழுதினார். பவுலுக்கே சாட்சி வேண்டியிருந்தது! வாக்குரிமையற்ற கத்தோலிக்க நண்பர்களும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆகவேண்டும் என்கின்றது. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்கின்றது. ஆயரை நீங்கள் தெரிய முடியாது. ஆனால் உங்கள் பங்கின் நிதிக்குழுவில் யார் இருக்கின்றார்கள் என்று வருகின்ற ஞாயிறே கேட்கலாம். உங்களிலே எத்தனை பேருக்கு அப்பெயர்கள் தெரியும்?

கணக்காளரும் வழக்கறிஞரும் இங்கே இருக்கின்றீர்கள். உங்களிடம் நாம் கேட்பது ஆண்டில் இரண்டு மாலைப்பொழுதுகள். உங்கள் சபையின் கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக அது கோயிற் கதவிலே ஒட்டப்படட்டும். நெல் வரவு ஒரு வரி, நெல் விற்ற விலை ஒரு வரி. கூட்டத்தன்று அம்முதியவரை முன்வரிசையில் இருத்துங்கள். அவர் கேட்டு முடித்தபின் வாக்கெடுப்பை வைத்துக்கொள்ளலாம்.