பட்டு களைந்த திருமேனிகள்

மலேசியாவில் கோலா குபு பாரு, ராசா, கெர்லிங், பத்தாங் காலி பக்கத்திலிருந்து தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் பார்த்தோம் என்பார்கள். பெரிய கோயிலைத்தான் சொல்வார்கள். திருவெண்காடும் போனோம், புதனுக்கு விளக்குப் போட்டோம் என்பார்கள். அந்தத் திருவெண்காட்டுச் சிவனின் பேரழகான திருமேனி ஒன்று தஞ்சையிலேயே, பெரிய கோயிலிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் நிற்பதை அவர்களுக்குப் பேருந்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று அங்கேதான் போகிறோம். நாயக்கர் கட்டி, மராட்டியர் குடியிருந்த அரண்மனை. அதற்குள் ஒரு பக்கம் சரசுவதி மகால் நூலகம். இன்னொரு பக்கம் 1951இல் தொடங்கிய கலைக்கூடம். செப்புத் திருமேனிகள் இருப்பது இங்கே.

நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ரதம் வரும்போது நமக்கு என்ன தெரிகிறது? பட்டு, எலுமிச்சை மாலை, நகை, நடுவில் அம்மனின் முகம். சிற்பி இடுப்பை எப்படி வளைத்தான், முதுகில் சடையை எப்படி இறக்கினான் என்பதெல்லாம் அபிஷேகம் செய்கிற குருக்களுக்குத்தான் தெரியும். கலைக்கூடத்தில் பட்டும் இல்லை, மாலையும் இல்லை. சிற்பியின் கைவேலையை முழுசாகப் பார்க்கலாம்.

அந்தத் திருவெண்காட்டுச் சிவனான ரிஷபவாகன தேவர் முன்னால் வந்து நில்லுங்கள். ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். இரண்டே கைகள். ஒரு காலை ஊன்றி, மற்றதைக் குறுக்கே வைத்து, மாட்டின் மேல் கையைப் போட்டுச் சாய்ந்து நிற்கிறார். ஆனால் மாட்டைக் காணோம்! அது எப்போதோ தொலைந்துவிட்டது. இருந்தும் அந்தக் கை அந்தரத்தில் தொங்குவதாகத் தோன்றுவதில்லை. மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் இறங்கி, காளையின் உயரம் இவ்வளவு என்று அந்தக் கையே சொல்கிறது. தலையில் கிரீடம் கிடையாது. சடையையே முண்டாசுபோலச் சுற்றியிருக்கிறார், அதற்குள் பாம்புகள். ஆயுதமும் இல்லாமல், வயலிலிருந்து திரும்பிய இளைஞன் மாதிரி இருக்கிறார். எனக்கு நடராசரைவிட இவர்மேல்தான் பிரியம் என்றால் சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

திருவெண்காட்டுக் கல்வெட்டுகளின்படி இவரைச் செய்தது 1011இல், ராசராசன் காலத்தில். பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு, 1012இல் வந்தவள்.

இங்குள்ள மூர்த்திகளின் பீடங்களையும் குனிந்து பாருங்கள். வளையங்களும் துளைகளும் தெரியும். தண்டு செருகி, தோளில் தூக்கி, வீதிவலம் போவதற்காக வைத்தவை.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். பஞ்சலோகம் என்றாலும் பெரும்பங்கு செம்புதான். ஆறியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றைக்கும் இதே முறைதான். மலேசியக் கோயில்களுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து உற்சவர்கள் வந்திருக்கிறார்கள்.

வீதிவலம் போக வேண்டியவர்கள் இங்கே ஏன் நிற்கிறார்கள்? பெரும்பாலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர்கள் இவர்கள். 1311இல் மாலிக் கபூர் படை தெற்கே வந்தது. அதுபோன்ற படையெடுப்புக் காலங்களில் புதைத்து வைத்திருப்பார்கள் என்று கருதுகிறார்கள். பழைய கோலா குபு ஆற்று மண்ணில் மூழ்கி, ஊரையே இடம் மாற்றியவர்கள் நாம். மண் மூடினால் எத்தனை சீக்கிரம் அடையாளம் போய்விடும் என்று நமக்குத் தெரியும்.

மண்ணிலிருந்து கிடைத்தவை எல்லாம் கலைக்கூடத்துக்கு வந்துவிடவில்லை. 1976இல் பத்தூர் என்ற ஊரில் தோண்டும்போது கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே வழக்கு நடந்தது. உரிமை கோரியவர்களில் பத்தூர்க் கோயிலும் ஒரு தரப்பு. கோயில் பக்கம் தீர்ப்பாகி, 1991இல் அவர் நாடு திரும்பினார். அதை நினைத்தால், சுவாமியைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை சுற்றுலா ஏற்பாடு செய்பவரிடம் தஞ்சாவூரில் கூடுதலாக ஒரு காலைப்பொழுது கேட்டு வாங்குங்கள். பெரிய கோயில் முடித்து நேரே அரண்மனைக்கு வந்துவிடலாம். திருவெண்காடு மறுநாளுக்கு இருக்கட்டும். இவர்களைப் பார்த்த கண்ணோடு அந்தக் கோயிலுக்குள் போவது நல்லது.