இடைநிற்றலைத் தடுப்போம், எல்லை கடந்து கற்போம்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



ஒரு கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்து நிற்பது எளிய செயலன்று. தம் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி நன்கொடை அளித்த உழவுத் தொழிலாளர்களை முதற்கண் நினைந்து வணங்குகிறோம். ஆயினும், விழா நாளில் பெருமையை மட்டும் பேசிக் கலைவது முறையாகாது. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றோரை மேடையேற்றிப் பரிசளித்தோம். பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையின் வீட்டுக்கு நாம் போகவில்லை. இக்குறையை ஒப்புக்கொண்டே உரையைத் தொடங்குகிறோம்.

நம் பிள்ளைகள் ஏன் இடையில் நிற்கிறார்கள்? காவிரிப் படுகையில் பள்ளி திறப்பதும், மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 வருவதும் ஒரே மாதத்தில். தாய் நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் போனால், தம்பி தங்கையரைப் பார்க்க மூத்த பிள்ளை வீட்டில் நின்றது. தை அறுவடையிலும் அதே நிலை, மார்ச்சில் பொதுத்தேர்வு. இன்று நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. வயலில் வேலை குறைந்தது. வீட்டில் வருவாயும் குறைந்தது. அன்று வயல் இழுத்த பிள்ளையை இன்று பனியன் கம்பெனியும் நூற்பாலையும் இழுக்கின்றன. தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே தரகர் முன்பணத்தோடு தெருவுக்கு வந்துவிடுகிறார். நாமோ அவ்வாரத்தில் பரிசுப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இம்மண்ணில் உழைப்புக்கு விலை கேட்பதே குற்றமாக இருந்தது. 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னும் கூலிப் போராட்டம் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின; அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அந்தக் குழந்தைகளுக்குக் கிட்டாத பள்ளி வாழ்வு நம் பிள்ளைகளுக்குக் கிட்டியிருக்கிறது. அதை முன்பணத்துக்கு விற்கலாமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரையில்தான் துணை நிற்கிறது. எட்டாம் வகுப்போடு அக்காவல் முடிகிறது. வழிகாட்டுதலோ பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில்தான் முழுமையாக வந்து சேர்கிறது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தை வரவேற்கிறோம். ஆனால், பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்ட பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வழிகாட்டுக் கூட்டத்தில் எப்படி அமர்ந்திருக்கும்? எனவே வழிகாட்டுதல் எட்டாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பெற்றோரையும் உடன் இருத்திப் பேச வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தவறியோருக்கு அவ்வாண்டிலேயே துணைத்தேர்வு உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்றவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழியுண்டு. இவை அறியாமையினால் நம் தெருவுக்கு எட்டாமற்போகலாகாது.

இனி வெளிநாட்டுக் கல்வி. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து நம் முன்னோர் மலேயாவுக்குக் கப்பலேறினர். கங்காணியின் கணக்கில் கைநாட்டு வைத்துத் தோட்டக் கூலிகளாகப் போயினர். அவர்தம் பேரப்பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதத்தோடு போக வேண்டாமா? பட்டியல் வகுப்பாருக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 125 இடங்களில் 115 பட்டியல் வகுப்பாருக்கு உரியவை. முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் இது கிடைக்கும். தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண், 35க்கு மேற்படாத வயது, 8 இலட்சத்துக்கு மிகாத குடும்ப ஆண்டு வருமானம் ஆகியவை இதற்கு வேண்டும். அந்த 60 விழுக்காட்டுக்கான அடித்தளம் ஒன்பதாம் வகுப்பில் இடப்படுகிறது. ஆகவே இடைநிற்றலைத் தடுப்பதும் அயல்நாட்டுக்கு அனுப்புவதும் ஒரே பணியின் இரு முனைகள்.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பின்னர் இலண்டனில் பயிலுகையில், உதவிக்காலம் முடிந்தமையால் 1917இல் படிப்பை இடையில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர் அத்தோடு ஓய்ந்தாரில்லை. பம்பாயில் பேராசிரியராகப் பணிபுரிந்து பொருள் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியும் கிட்டியது. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் நின்றவரெல்லாம் முடிந்துபோனவர் அல்லர். மீண்டும் சேர்வதற்கு மனவுறுதியும் கைகொடுப்பாரும் வேண்டும். அந்தக் கைகொடுப்பாராக நம் கழகம் இருக்க வேண்டும்.

இளைஞர்களே, இம்மேடையில் மூன்று கடமைகளை உங்கள்முன் வைக்கிறோம். ஒவ்வொரு தெருவிலும் எட்டாம் வகுப்பு முதல் பயிலும் பிள்ளைகளின் பதிவேடு ஒன்றை எழுதுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கடைசி நேர அலைச்சலின்றிக் கிடைக்கத் துணை நில்லுங்கள். தேர்வு முடிவு வெளிவரும் நாளன்று, வென்றவர் வீட்டுக்குப் போகும் முன்னர்த் தவறியவர் வீட்டுக்குப் போங்கள். தரகர் வருமுன் நாம் அங்கே இருந்தாக வேண்டும்.

பொன்விழா காணும்போது, எத்தனை பேருக்குப் பரிசளித்தோம் என்பதோடு, எத்தனை பேரைப் பள்ளிக்குத் திருப்பி அழைத்து வந்தோம் என்ற கணக்கையும் நம் கழகம் வாசிக்கட்டும்.