இரு சூரியோதயங்களின் தொலைவு



தமிழர் தொலைவைக் கோலால் மட்டும் அளக்கவில்லை. கூப்பிடு தூரம் என்றனர். அது குரலின் அளவு. நாழிகை வழி என்றனர். அது காலத்தின் அளவு. வானூர்தி வந்தபின் இவ்வளவைகள் வழக்கொழிந்தன என்று கருதுவோர் உண்டு. அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் வான்வழி ஒன்று வரலாற்றில் உண்டு.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு இணைத்த வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகருக்கும், இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரிக்கும் இடையே காட்டலினா என்னும் பறக்கும் படகுகளைச் செலுத்தத் தொடங்கியது. இடையே ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் இந்துமாக்கடல். எங்கும் இறங்காமல் அதைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் ஆயிற்று. நாழிகைக் கணக்கில் இது எழுபதை ஒட்டியும் எண்பதைத் தாண்டியும் அமையும். ஒரு நாளுக்கோ அறுபதே நாழிகை. ஆகவே ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை உதித்தான். பயணம் செய்தோர்க்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு’வின் உறுப்பினர் என்று சான்றிதழும் வழங்கப்பட்டது.

எதிரிக்குத் தடம் தெரியாதிருக்க வானொலி மௌனம் காக்கப்பட்டது. விண்மீன்களே வழிகாட்டின. ஐந்து படகுகளுக்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டினர். அவற்றுள் அல்டேர் தமிழரின் திருவோணம், ஸ்பைக்கா சித்திரை, அன்டாரிஸ் கேட்டை. எரிபொருளே பெரும்பாரமாக இருந்ததால் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்கும் மேல் இடமில்லை. அதனால் கடிதங்கள் நுண்படமாகச் சுருக்கப்பட்டன. எதை ஏற்றுவது, எதை விடுவது என்னும் அக்கணக்கு கவிஞர்க்கு அயலானதன்று. 1945இல் சேவை முடியும்வரை இருநூற்றுக்கும் மேற்பட்ட முறை கடல் கடந்தும் ஒரு படகும் விபத்தில் அழியவில்லை. போர் முடிந்தபின் அவை கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானம் பறக்கத் தொடங்கியது. 14,500 கிலோமீட்டர், சுமார் 17 மணி நேரம். கொக்கலை வழியைவிட இரண்டரை மடங்கு தூரம். காலமோ அதனினும் குறைவு. இது மனித அறிவின் வெற்றி, ஐயமில்லை. ஆயினும் சாளரத்தை மூடி உறங்கும் பயணிக்கு இடையில் கடந்த கடலும் விடியலும் தெரிவதில்லை. தூரம் குறைந்ததால் பிரிவு குறைந்துவிட்டது என்று நம்பவும் அவன் பழகிவிடுகிறான். தாயின் இறுதிச் செய்தி கேட்டுப் புறப்படுபவனுக்கு அப்பதினேழு மணி நேரம் எத்தனை நாழிகை என்பதை எந்தக் கால அட்டவணையும் கூறாது.

அதைக் கூறும் பொறுப்பு கவிதைக்கு உண்டு. கிலோமீட்டரை விமான நிறுவனங்கள் கணக்கிடட்டும். நாழிகையைக் கவிஞர்கள் கணக்கிடட்டும். பத்தாண்டு கண்ட இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக் கவிதைகளில் அந்த அளவை மங்காதிருக்கட்டும்.