சொல் ஒன்று, பொருள் வேறு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்வி விளக்கேற்றி வரும் இச்சங்கத்தின் விழாவில், ஒத்த பொருளுடையனவாகத் தோன்றும் ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். இலக்கணப் பாடம் போல் தோன்றும் இத்தலைப்பு நம் நிலத்தையும் படிப்பையும் மானத்தையும் தொட்டு நிற்பது. அதனை விளக்கவே முற்படுகிறேன்.

நம் மாணவர்கள் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு தமிழ்ச் சொல்லைக் குறிப்பேட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். இப்பழக்கத்தில் ஓர் இடர் உண்டு. ‘எக்கனாமிக்’, ‘எக்கனாமிகல்’ என்னும் இரண்டும் ஒன்றெனத் தோன்றும். முன்னது பொருளாதாரம் சார்ந்தது, பின்னது சிக்கனமானது. ‘ஹிஸ்டாரிகல்’ என்றால் வரலாறு பற்றியது. ‘ஹிஸ்டாரிக்’ என்றால் வரலாற்றில் நிலைக்கத்தக்க சிறப்புடையது. இவற்றைத் தேர்வுத் தாளில் மாற்றி எழுதினால் ஒரு மதிப்பெண் குறையும். அரசாணையிலும் பத்திரத்திலும் வரும் சொற்களை மாற்றிப் புரிந்துகொண்டாலோ, ஒரு குடும்பத்தின் வாழ்வே குலையும். ஆகவே, சட்டம் சார்ந்த ஆங்கிலச் சொல் எதனைக் கண்டாலும், ‘இச்சொல் யாரைக் கட்டுப்படுத்துகிறது?’ என்று கேளுங்கள்.

முதலில் ‘எலிஜிபிள்’, ‘என்டைட்டில்ட்’ என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிற்கும் ‘தகுதியுடையவர்’ என்றே பலரும் பொருள் எழுதுகிறார்கள். ‘எலிஜிபிள்’ என்றால் விண்ணப்பிக்கவும் பரிசீலிக்கப்படவும் தகுதியுடையவர். அவருக்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ‘என்டைட்டில்ட்’ என்றால் பெறுவதற்கு உரிமை உடையவர். முன்னது விண்ணப்பிப்பவர்மீது நிபந்தனை விதிக்கிறது. பின்னது கொடுக்க வேண்டியவர்மீது கடமையைச் சுமத்துகிறது. உதவித்தொகை விதியில் எச்சொல் இருக்கிறதென்று அறிந்தவன், வேண்டிக்கொள்ள வேண்டிய இடத்தையும் கேட்டு வாங்க வேண்டிய இடத்தையும் பிரித்தறிவான்.

அடுத்து நிலத்திற்கு வருவோம். ‘பொசெஷன்’ என்றால் நிலம் ஒருவரது சுவாதீனத்தில் இருப்பது. ‘டைட்டில்’ என்றால் அதன்மீது அவருக்குள்ள சட்டப்படியான உரிமை. நிலத்தை உழுகிறவர் ஒருவராகவும் உரியவர் வேறொருவராகவும் இருத்தல் கூடும். ‘அசைன்மென்ட்’ என்னும் சொல்லையும் இங்கே கவனியுங்கள். வருவாய்த் துறையில் இதற்கு ஒப்படை என்று பெயர். செங்கற்பட்டு ஆட்சியராய் இருந்த திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு நம் முன்னோர்க்கு நிலம் வழங்க ஆணையிட்டது. நாம் பஞ்சமி நிலம் என்பது அதுவே. அது நிபந்தனையோடு கூடிய ஒப்படை. முதல் பத்து ஆண்டுகளுக்குள் அதனை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே மாற்றலாம். அப்படியிருந்தும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. கடனும் மிரட்டலும் அதற்குக் காரணங்களாயின; பத்திரத்தின் சொற்களைப் படிக்க இயலாமையும் ஒரு காரணமாயிற்று. இன்று அந்நிலம் பிறர் சுவாதீனத்தில் இருக்கிறது என்பதனாலேயே உரிமையும் அவர்களுடையதாகிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. நிபந்தனையை மீறிய விற்பனையை எதிர்த்து வழக்காட வழி உண்டு.

இனிக் கல்வி. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பதினான்கு வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி அளிப்பதைப் பற்றிக் கூறியது. ‘ஷேல் ப்ரொவைட்’, அதாவது அளித்தே ஆக வேண்டும், என்று அது கூறவில்லை. ‘ஷேல் எண்டெவர் டு ப்ரொவைட்’, அதாவது அளிப்பதற்கு முயல வேண்டும், என்றே கூறியது. நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்ற இயலாத வழிகாட்டு நெறிகளின் பகுதியிலே அது வைக்கவும்பட்டது. பத்தாண்டுகள் 1960இல் முடிந்தன. கல்வி எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டவில்லை. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் 21-ஏ பிரிவைச் சேர்த்தது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அரசு அளிக்க வேண்டும் என்று அஃது உறுதியாகக் கூறி, அதனை அடிப்படை உரிமையாக்கிற்று. அது 2010 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முயல்வதற்கும் அளிப்பதற்கும் இடையே அறுபது ஆண்டுகள்! அந்த இடைவெளியில் ஆடு மேய்த்தும் செங்கல் சுமந்தும் கழிந்த இளமைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இறுதியாக 17ஆம் பிரிவு. தீண்டாமை ‘அபாலிஷ்ட்’ என்றும், அதன் நடைமுறை எவ்வடிவிலும் ‘ஃபர்பிடன்’ என்றும் அது இரு சொற்களை ஆள்கிறது. ஒரு சொல் போதாதா? போதாது. ஒழித்தல் என்பது ஒரு வழக்கத்திற்குச் சட்டத்தில் இருந்த இடத்தை அகற்றுவது. தடை செய்தல் என்பது மனிதரின் செயலைத் தடுப்பது. முன்னது மட்டும் இருந்தால், ‘ஒழிந்துவிட்டதே, இனி என்ன?’ என்று கூறிக்கொண்டே தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பார்கள். ஆகையால்தான் அப்பிரிவு, தீண்டாமையின் பேரால் உரிமை மறுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் அறிவித்தது. 1955இல் வந்த சட்டத்தின் பெயர் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாயிற்று. முதற்பெயர் குற்றத்தைச் சுட்டியது; இரண்டாம் பெயர் நமக்குள்ள உரிமையைச் சுட்டுகிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டமோ ‘அட்ராசிட்டி’, வன்கொடுமை, என்னும் வன்மையான சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.

இளைஞர்களே! அகராதியைப் பார்க்கும்போது முதற்பொருளோடு நின்றுவிடாதீர்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள். ஒத்த சொற்களை இரண்டிரண்டாக எழுதி அவற்றின் வேறுபாட்டைக் குறித்து வையுங்கள். உங்கள் தெருவில் யாருக்கேனும் ஆங்கிலத்தில் ஓலை வந்தால், அவர் கையொப்பமோ கைநாட்டோ இடுமுன் அதனைப் படித்து விளக்குங்கள். இச்சங்கத்தில் நீங்கள் பெற்ற கல்விக்கு நீங்கள் செலுத்தும் கைம்மாறு அதுவே ஆகும்.

சங்கத்தின் பணி ஓங்குக!